மேட்ச் ஆடும் முன்பே மார்க்கா? சாஃப்ட்பால் சிறுமிகளை எடைபோடும் ரேடார் கன்

ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் ஏதோ ஒரு புறநகர் மைதானம். 11 வயதுச் சிறுமி ஒருத்தி கையில் மஞ்சள் பந்தோடு நிற்கிறாள். எதிரே கேட்சர். கேட்சருக்குப் பின்னால் கம்பி வலை. வலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கையில் ரேடார் கன், இன்னொருவர் கையில் பரீட்சை அட்டை.

20 பந்துகள் போடச் சொல்கிறார்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு எண் அட்டையில் ஏறுகிறது. சில நாட்களில் முடிவு வந்துவிடும். யார் அணியின் முதல் பிட்சர், யார் இரண்டாவது, யார் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்ற பட்டியல் தயார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? அந்த 20 பந்துகளில் ஒன்றுக்குக்கூட எதிரே பேட்டர் யாரும் நிற்கவில்லை.

நம்ம ஊர் கிரிக்கெட்டில் 'நெட்ஸ்ல புலி, மேட்ச்ல எலி' என்று கிண்டல் செய்வதுண்டு. அங்கே சிறுமிகளின் சாஃப்ட்பாலில் நடப்பது அதைவிட ஒரு படி மேலே. நெட்ஸில் யார் புலி என்று பார்த்துவிட்டு, மற்றவர்களை மேட்ச் பக்கமே விடாமல் அனுப்பிவிடுகிறார்கள். இது சரியான தேர்வு முறைதானா? இல்லை என்பதற்குக் கணக்கும் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது.

பிட்சர் ஏன் இவ்வளவு முக்கியம்?

சாஃப்ட்பால் பேஸ்பாலின் தங்கை மாதிரி. பந்து பெரிது, மைதானம் சிறிது. பிட்சர் கையை ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விட வேண்டும். பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே, ஹோம் பிளேட்டுக்கு மேலே பந்து போனால் ஸ்ட்ரைக். அதற்கு வெளியே போய், பேட்டரும் சுற்றாமல் விட்டால் 'பால்'. மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட். நான்கு பால் போட்டால் பேட்டர் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம்.

தூரம்தான் இதில் பயங்கரம். கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர். சாஃப்ட்பாலில் 10 வயதுக்கு உட்பட்ட சிறுமிகளுக்கு 35 அடி, அதாவது 11 மீட்டருக்கும் குறைவு. 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 40 அடி. அதற்கு மேல் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி எல்லாவற்றுக்கும் 43 அடி. கல்லூரி பிட்சர் ஒருவர் மணிக்கு 65 மைல் (சுமார் 105 கி.மீ.) வேகத்தில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீளமாக ஒரு எட்டு வைத்துத்தான் பந்தை விடுவார் என்பதால் பந்து பயணிப்பது சுமார் 37 அடி. அதற்கு ஆகும் நேரம் 0.4 விநாடிக்கும் குறைவு.

ஆட்டத்தின் ஒவ்வொரு பந்தும் பிட்சரின் கையிலிருந்துதான் தொடங்குகிறது. அவள் சொதப்பினால், பின்னால் நிற்கும் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால்தான் எல்லா கோச்சுக்கும் முதல் தேடல் 'நல்ல பிட்சர் யார்?' என்பதே. தேடுவதில் தப்பில்லை. தேடும் இடத்தில்தான் சிக்கல்.

20 பந்துகள் என்ன சொல்லும்?

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான்.

இரண்டு சிறுமிகள். இருவருக்கும் திறமை அச்சு அசல் ஒன்றே. நீண்ட காலப் போக்கில் இருவருமே 100 பந்துக்கு 60 ஸ்ட்ரைக் போடக்கூடியவர்கள். இருவரையும் ஆளுக்கு 20 பந்து போடச் சொன்னால் என்ன ஆகும்? இருவரும் 12 ஸ்ட்ரைக் போட்டுச் சமமாக முடிப்பார்கள் என்று நினைப்போம். நடைமுறையில் அப்படி ஆகாது. நிகழ்தகவுக் கணக்குப்படி, கிட்டத்தட்ட நாலில் ஒரு முறை இருவருக்கும் இடையே நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்ட்ரைக் வித்தியாசம் வந்துவிடும். வெறும் அதிர்ஷ்டத்தால்.

அதாவது ஒருத்தி 14, இன்னொருத்தி 10. பரீட்சை அட்டையில் பார்த்தால் ஒருத்தி 70 சதவீதம், இன்னொருத்தி 50 சதவீதம். எந்த கோச்சும் யோசிக்காமல் முதல் சிறுமியை டிக் செய்வார். ஆனால் அங்கே வித்தியாசமே இல்லை. நாணயத்தைச் சுண்டிப் போட்டு முடிவெடுத்த மாதிரிதான்.

அதே சிறுமிகளை 100 பந்து போட விட்டால் இந்தத் தடுமாற்றம் பாதிக்கும் கீழே குறையும். நாலைந்து இன்னிங்ஸ் ஆடினாலே அத்தனை பந்துகள் சேர்ந்துவிடும். தேர்வாளர்களுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

வேகம் பொய் சொல்லுமா?

'ஸ்ட்ரைக் கணக்கில் அதிர்ஷ்டம் இருக்கலாம், வேகம் அப்படியில்லையே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேகம் நிஜம்தான். வேகமான பந்தை அடிப்பது கஷ்டம் என்பதும் நிஜம். டென்னசி பல்கலைக்கழகத்தின் கார்லின் பிக்கென்ஸ் 2025-ல் மணிக்கு 79.4 மைல் (சுமார் 128 கி.மீ.) வேகத்தில் பந்து வீசியபோது சாஃப்ட்பால் உலகமே திரும்பிப் பார்த்தது. 2012-ல் மோனிகா அபாட் 77 மைல் வீசி உலக சாதனை படைத்தபோதும் அப்படித்தான்.

ஆனால் அதே மோனிகா அபாட்டோடு 2008 பெய்ஜிங், 2020 டோக்கியோ என இரண்டு ஒலிம்பிக்கிலும் அமெரிக்க அணியில் பந்து வீசியவர் கேட் ஆஸ்டர்மன். அவருடைய வேகம் 60 சொச்சம் மைல்தான். 70-ஐ மிரட்டும் ஆள் இல்லை. ஆனால் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக அவர் வீழ்த்திய ஸ்ட்ரைக்-அவுட்டுகள் 2,265. அவருடைய பந்து பேட்டருக்கு அருகே வந்ததும் சட்டென்று விழும். பேட்டர் சுற்றும்போது பந்து அங்கே இருக்காது.

ரேடார் கன்னுக்கு இது தெரியாது. அதற்குத் தெரிந்தது எவ்வளவு வேகம் என்பது மட்டும்தான். பந்து கடைசி நேரத்தில் எங்கே திரும்பியது, எவ்வளவு விழுந்தது, பேட்டர் எவ்வளவு ஏமாந்தார் என்பதெல்லாம் அதில் பதிவாகாது.

சிறுமிகள் விஷயத்தில் வேகத்தை நம்புவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 11, 12 வயது என்பது உடம்பு தாறுமாறாக வளரும் காலம். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பேரில் ஒருத்தி அம்மா உயரத்துக்கு வந்திருப்பாள், இன்னொருத்தி இன்னும் சின்னப் பிள்ளையாகவே இருப்பாள். இந்த வயதில் ரேடார் கன் அளப்பதில் பாதி, யார் முதலில் வளர்ந்தார்கள் என்பதைத்தான். மூன்று வருடம் கழித்து உயரம் சமமாகிவிடும். ஆனால் அந்த மூன்று வருட மேட்ச் அனுபவம் ஒருத்தியிடம் மட்டுமே இருக்கும்.

நெட்டில் மோசம், மேட்சில் பிரமாதம்

பயிற்சியில் பார்த்து மதிப்பிடுவதில் உள்ள பெரிய கோளாறு இதுதான். சில பந்துகள் பயிற்சியில் மட்டமாகத் தெரியும், மேட்சில் தங்கமாக மாறும். சில பந்துகளுக்கு இது தலைகீழ்.

சேஞ்ச்-அப் என்றொரு பந்து. வேகமாக வருவது மாதிரியே கை சுற்றும், பந்து மட்டும் மெதுவாக வரும். கிரிக்கெட்டின் ஸ்லோயர் பால் மாதிரி. பேட்டர் முன்கூட்டியே சுற்றிவிட்டு அசடு வழிவார். இந்தப் பந்தின் மொத்த மதிப்பும் ஏமாறுவதற்கு எதிரே ஒரு ஆள் இருப்பதில்தான் இருக்கிறது. ஆளே இல்லாத தேர்வில் அது வெறும் மெதுவான பந்து. வேகத்துக்கு மார்க் போடும் அட்டையில் அந்தச் சிறுமிக்குக் கிடைப்பது குறைந்த மார்க்.

இதற்கு நேர்மாறானது, நடு பிளேட்டில் நேராக வரும் பந்து. ட்ரை-அவுட்டில் அது கச்சிதமான ஸ்ட்ரைக். டிக், டிக், டிக். மேட்சில் அதே பந்தைத்தான் பேட்டர்கள் வெளுத்து வாங்குவார்கள். ஓரத்தை உரசப் பார்த்து இரண்டு இஞ்ச் தள்ளிப் போட்ட சிறுமிக்கு அட்டையில் 'பால்' என்று விழும். ஆனால் மேட்சில் பேட்டர் துரத்திக்கொண்டு போய்ச் சுற்றுவது பெரும்பாலும் அந்தப் பந்தைத்தான்.

மிச்சத்தையும் சொல்ல வேண்டும். மூன்று பால் ஆகிவிட்டது, ஸ்ட்ரைக் ஒன்றுகூட இல்லை, அடுத்த பந்து தப்பினால் வாக். அந்த நேரத்தில் கை நடுங்குமா? எளிதான கேட்சை ஃபீல்டர் தவறவிட்டால் முகம் சுருங்குமா, அல்லது 'பரவாயில்லை' என்று கை காட்டிவிட்டு அடுத்த பந்துக்குப் போவாளா? மூன்றாவது பேஸில் ரன்னர் நிற்கும்போது, தரையில் குத்தும் பந்தைப் போடத் துணிவாளா? அம்பயர் ஓரப் பந்தை ஸ்ட்ரைக் தராவிட்டால் என்ன செய்வாள்? வேலியோரம் அப்பா நின்று கத்தும்போது?

பிட்சிங் என்பது இதெல்லாம் சேர்ந்ததுதான். இதில் எதுவும் அந்த 20 பந்துகளில் இல்லை.

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இது புதுசா என்ன? இன்டர்வியூவில் கலக்கியவர் புராஜெக்ட்டில் திணறுவதையும், இன்டர்வியூவில் திக்கியவர் ரிலீஸ் அன்று ராத்திரி தனி ஆளாக நின்று காப்பாற்றுவதையும் பார்க்காத டீம் உண்டா? அங்கேயாவது புரொபேஷன் என்று ஆறு மாதம் தருகிறார்கள். 11 வயதுக் குழந்தைக்கு ஒரு இன்னிங்ஸ்கூடக் கிடையாது.

முத்திரை விழுந்த பிறகு

தவறான மதிப்பீடு பின்னால் தானாகச் சரியாகிவிட்டால் பிரச்சினை இல்லை. இங்கே அப்படி நடப்பதில்லை. 'இவள்தான் நம்பர் 1' என்று முத்திரை குத்தியதும் முக்கியமான இன்னிங்ஸ் எல்லாம் அவளுக்கே போகிறது. ஆட ஆட அவள் தேறுகிறாள். உட்கார்ந்திருப்பவள் தேய்கிறாள். வருடக் கடைசியில் கோச் பெருமையாகச் சொல்வார்: 'பார்த்தீங்களா, நான் அன்னைக்கே கண்டுபிடிச்சேன்!' உண்மையில் அவர் கண்டுபிடிக்கவில்லை, உருவாக்கினார். மற்றவளுக்கும் அதே வாய்ப்பு தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்குமே தெரியாமல் போய்விடுகிறது.

இதில் பணமும் விளையாடுகிறது. தனி பிட்சிங் கோச் வைத்துக்கொள்ள வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, ட்ரை-அவுட்டுக்கென்றே தயாராகி வருவாள். வசதியில்லாத பிள்ளைக்கு மேட்ச்தான் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தின் கதவைத்தான் அட்டையோடு நிற்பவர் சாத்துகிறார்.

தேர்வானவளுக்காவது நல்லதா என்றால், அதுவும் இல்லை. 'கீழிருந்து போடும் பந்துதானே, தோளுக்கு ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கை சாஃப்ட்பாலில் நீண்ட காலமாக உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கையைச் சுழற்றி வீசும்போது தோள் மூட்டை இழுக்கும் விசை, பேஸ்பால் பிட்சர்களுக்கு ஏற்படுவதற்கு ஏறக்குறைய சமம் என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். லிட்டில் லீக் பேஸ்பாலில் ஒரு சிறுவன் ஒரு நாளில் எத்தனை பந்து போடலாம் என்று 2007-லிருந்தே வரம்பு இருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலில் 2017-லிருந்து அது கட்டாயம். அப்போது பள்ளி சாஃப்ட்பாலுக்கு அப்படியொரு கட்டாயம் வரவில்லை.

2008 ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசித் தங்கம் வாங்கித் தந்தார். அது ஒரு வீராங்கனையின் வாழ்நாள் சாதனை. வளர்ந்த ஒருவர் தானாக எடுத்த முடிவு. வார இறுதிப் போட்டியில் 12 வயதுச் சிறுமியை 'வேற பிட்சர் இல்லையே' என்று அடுத்தடுத்த ஆட்டங்களில் இறக்குவதும் அதுவும் ஒன்றாகாது. வேற பிட்சர் ஏன் இல்லை? ஆகஸ்டில் பத்து நிமிடத்தில் மற்றவர்களைக் கழித்துக் கட்டியதால்தான்.

கோச்சுகள் தரப்பு என்ன?

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தயாராகாத சிறுமியை மேட்சில் இறக்கினால் என்ன நடக்கும் என்பதை மைதானத்தில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும். வாக், வாக், வாக். அடிக்காமலேயே ரன் ஏறும். ஃபீல்டர்கள் புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்பார்கள். நடுவட்டத்தில் ஒரு குழந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும். பந்து பேட்டரின் தலைக்கும் போகலாம். அந்த ஒரு நாளின் அவமானத்தில் ஆட்டத்தையே விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு.

ஆகவே மேட்சுக்கு முன் எதையுமே பார்க்கக் கூடாது என்று சொல்வது அறிவீனம். பார்க்கத்தான் வேண்டும். கேள்வியை மட்டும் மாற்ற வேண்டும். 'யார் பெஸ்ட்?' என்று பயிற்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது. 'யாரை இறக்கலாம்?' என்று சொல்ல முடியும். முதலாவது ரேங்க் பட்டியல். இரண்டாவது டிரைவிங் லைசென்ஸ் மாதிரி. எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ் தருகிறார்கள். எட்டை அழகாகப் போட்டவர்தான் ஊரிலேயே சிறந்த டிரைவர் என்று யாரும் அறிவிப்பதில்லை.

சரி, அப்போ எதைப் பார்க்கணும்?

லைசென்ஸுக்கு நான்கு விஷயங்கள் போதும்.

ஒன்று, விதி. பந்தை விடும் முன் பின்னங்காலைத் தூக்கி வேறு இடத்தில் ஊன்றி, அங்கிருந்து மறுபடி உந்துகிறாளா? அது விதிமீறல். மேட்சில் அம்பயர் சொல்லித் தெரிவதற்கு முன் பயிற்சியில் திருத்திவிட வேண்டும்.

இரண்டு, பாதுகாப்பு. பந்தை விட்டதும் நிமிர்ந்து, கையுறையை உயர்த்தி, கண்ணை பேட்டர் மேல் வைக்கிறாளா? 40 அடியில் நிற்பவளை நோக்கி அடித்த பந்து திரும்பி வர அரை விநாடிகூட ஆகாது. முகக் கவசம் போட்டிருக்கிறாளா? இதில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது.

மூன்று, திசை. எல்லாமே ஸ்ட்ரைக்காக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பந்துகள் கேட்சர் எழுந்து ஓடாமல் பிடிக்கும்படி வந்தால் போதும். பேட்டரின் முதுகுக்குப் பின்னால் போகும் பந்துகள் அடிக்கடி வருமானால், இன்னும் சில வாரம் பயிற்சி தேவை.

நான்கு, அடுத்த பந்து. ஒரு பந்து எங்கோ பறந்து வலையில் மோதியது. அதற்கு அடுத்த பந்து எப்படி வந்தது? முதல் பந்தைவிட இரண்டாவது பந்து அவளைப் பற்றி அதிகம் சொல்லும். பயிற்சியிலேயே பார்க்கக் கிடைக்கும் மேட்ச் குணம் என்றால் இது ஒன்றுதான்.

இந்த நான்கிலும் தேறியவர்கள் எல்லோருக்கும் இன்னிங்ஸ் தர வேண்டும். நேராகப் பெரிய போட்டியில் வேண்டாம். முதலில் சொந்த அணிப் பிள்ளைகளையே பேட்டோடு நிற்கவைத்து ஆடலாம். பிறகு பக்கத்து அணியோடு நட்பு ஆட்டம், ஆளுக்கு ஓர் இன்னிங்ஸ். நாலு பால் ஆகிவிட்டால் வாக் தராமல், கோச்சே வந்து மிச்சப் பந்துகளைப் போடும் முறை மிகச் சின்னப் பிள்ளைகளின் லீக்குகள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கிறது. பழக்க ஆட்டங்களில் அதைப் பெரிய பிள்ளைகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஃபீல்டர்களும் சலிப்படைய மாட்டார்கள், பந்து போடுபவளும் அழ மாட்டாள். நாலைந்து இன்னிங்ஸ் ஆன பிறகு அட்டையை எடுங்கள். அப்போது அதில் எழுதுவதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கும்.

காத்திருக்க என்ன அவசரம்?

அவசரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மேலே இருக்கும் பரிசு பெரிதாகிவிட்டது. நிஜாரி கேனடி என்ற பிட்சர் 2024-ல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது அவருக்கான ஒப்பந்தம் சுமார் 10.5 லட்சம் டாலர். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்பி வருகிறது, ஆட்டங்கள் ஓக்லஹோமா சிட்டியில். பெற்றோர் கண்ணில் இதெல்லாம் படாமல் இருக்குமா? மகளின் ரேடார் எண்ணை வீடியோ எடுத்து இன்ஸ்டாவில் போடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கல்லூரிகளே ஒரு கட்டத்தில் நிதானத்துக்கு வந்தன. எட்டாம் வகுப்புச் சிறுமிகளிடம் வாய்மொழி ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 2018-ல் விதி மாறியது. 11-ம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் கல்லூரி கோச்சுகள் வீராங்கனைகளிடம் ஆள்சேர்ப்புப் பேச்சே பேசக் கூடாது. லட்சக்கணக்கில் பணம் போடுபவர்களே 16 வயது வரை பொறுக்க வேண்டியிருக்கிறது. ஊர் மைதானத்தில் நிற்கும் கோச்சுக்கு மட்டும் 11 வயதில் தீர்ப்பு எழுத என்ன அவசரம்?

அடுத்த ஆகஸ்டிலும் அந்த மைதானத்தில் வரிசை நிற்கும். ரேடார் கன் இருக்கட்டும், அட்டையும் இருக்கட்டும். 'மேட்சில் எப்படி?' என்று ஒரு கட்டத்தை அதில் சேர்த்து, இப்போதைக்கு அதைக் காலியாக விடுங்கள். அதை நிரப்ப அந்தச் சிறுமிக்கு எதிரே பேட்டோடு ஒருத்தி வந்து நிற்க வேண்டும்.